சுமையும் கரண்டியும்: லா சப்பலிலும் தமிழகத்திலும் கட்டடத் தொழிற்பெண்கள்

கட்டட வேலையில் பெண்கள் ஏன் அரிது என்று பாரிஸில் கேட்டால், பளுவான வேலை என்பார்கள். பெண் கொத்தனார் ஏன் இல்லை என்று சென்னையில் கேட்டால், நுணுக்கமான வேலை என்பார்கள். பளுவைச் சுமப்பதோ அங்கே பெண்கள்தான். ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரு விடைகளையும் சேர்த்து ஆராய, ஈழத் தமிழரின் கடைத்தெருவாகிவிட்ட பாரிஸின் லா சப்பல் ஏற்ற இடம். தொழிலை யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதே பெண்களின் இடத்தைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு

லா சப்பல் 1860இல்தான் பாரிஸ் நகரோடு இணைந்தது. ஆட்சியர் ஒஸ்மானின் நிர்வாகத்தில் (1853-1870) நகரம் இடித்துக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. கட்டியவர்களில் பெரும்பகுதியினர் மத்திய பிரான்ஸின் க்ரூஸ், லிமூஸன் வட்டாரங்களிலிருந்து வசந்தத்தில் வந்து குளிர்காலத்தில் ஊர் திரும்பிய ஆண்கள். நிலத்தையும் மாடுகளையும் ஊரில் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான மார்த்தேன் நதோ, 1830இல் 14 வயதில் தந்தையோடு பாரிஸுக்கு வந்தவர். கொத்தனாரின் எடுபிடியாகச் சேரும் பையன் சாந்துத் தொட்டியைத் தலையிலும் தோளிலும் சுமந்து ஏணி ஏறுவான். சில ஆண்டுகளில் கரண்டி பிடிப்பான். சுமை அவனுக்குத் தொழிலின் முதற்படி.

1877இல் நூலாக வந்த எமில் ஸோலாவின் 'லாசொம்முவார்' நாவல் லா சப்பல் சாலை விடுதி ஒன்றில் தொடங்குகிறது. நாயகி ஜெர்வேஸ் சலவைத் தொழிலாளி. அவள் மணக்கும் கூப்போ, துத்தநாகத் தகட்டுக் கூரை போடுபவன். வேலையின்போது கூரையிலிருந்து விழுந்து முடங்குகிறான். கூரை ஆணுக்கு, சலவைத்தொட்டி பெண்ணுக்கு என்ற அன்றைய பங்கீடு இக்கதையில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

ஊர் ஊராகச் சென்று தொழில் பயிலும் 'கொம்பஞ்ஞோன்' சங்கங்களிலும் இதே நிலைதான். அங்கே பெண்ணுக்கு இருந்த இடம், பயணத் தொழிலாளர் தங்கும் இல்லத்தை நடத்தும் 'அம்மா' என்பது மட்டுமே. கல் செதுக்கவும் மரம் இழைக்கவும் பெண்களைப் பயில்நிலைக்கு ஏற்க இச்சங்கங்களுள் முதன்மையான 'கொம்பஞ்ஞோன் து தெவுவார்' முடிவெடுத்தது 2004இல்தான்.

சட்டம் திறந்த கதவு

பிரான்ஸில் மணமான பெண், கணவர் சம்மதமின்றி வேலைக்குச் செல்லும் உரிமையை 1965 ஜூலை 13ஆம் நாள் சட்டம் தந்தது. சம ஊதியச் சட்டம் 1972இலும், வேலையில் சமத்துவத்துக்கான ரூதி சட்டம் 1983இலும் வந்தன. ஆயினும் கட்டடத் துறை ஊழியரில் பெண்கள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அவர்களிலும் பெரும்பாலோர் அலுவலகத்தில் இருப்பவர்கள். களத்தில் உழைப்பவரில் பெண்கள் நூற்றுக்கு இருவர் அளவே.

பளு என்ற காரணம் இதற்குள் வலுவிழந்துவிட்டது. பெண்கள் 25 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, தள்ளுவண்டியையும் சேர்த்து 40 கிலோவுக்கு மேல் தள்ளக் கூடாது என்கிறது பிரெஞ்சுத் தொழிற்சட்டம். முன்பு 50 கிலோவாக இருந்த சிமெண்ட் மூட்டை அங்கே இப்போது 35, 25 கிலோவில் வருகிறது. ஆண்களின் முதுகும் இதனால் பிழைத்தது.

சித்தாள் என்ற முட்டுச்சந்து

தமிழகத்தில் வரலாறு தலைகீழ். தலையில் சும்மாடு, அதன்மேல் சாந்துச் சட்டி, காலடியில் சாரப் பலகை: சித்தாள் இல்லாமல் அங்கே கட்டடம் எழும்பியதில்லை. கையாளாக வரும் பையன் மேஸ்திரியின் கண்பார்வையில் பூச்சும் தூக்குக்குண்டும் பழகிக் கொத்தனாராகிறான். அதே தளத்தில் அவனுக்கு முன்பிருந்தே கலவை சுமக்கும் பெண், பேரன் எடுத்த பிறகும் சித்தாளாகவே இருக்கிறாள். பாரிஸ் பையனுக்கு முதற்படியாக இருந்த சுமை இவளுக்குக் கடைசிப் படி.

1979இல் தொடங்கிய தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் போராட்டங்கள், 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994இல் அமைந்த நலவாரியம் ஆகியவற்றால் மகப்பேறு உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, ஓய்வூதியம் ஆகியவை கிடைத்தன. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தளத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். இவை சித்தாளின் வாழ்வுக்குப் பாதுகாப்பு தந்தன. அவள் கைக்குக் கரண்டி வர இவை மட்டும் போதவில்லை.

லா சப்பலில் இன்று

1980களில் ஈழத்திலிருந்து வந்த தலைமுறை இங்கே உணவகம், துப்புரவு, கடை என்று காலூன்றியது. மாணிக்க விநாயகர் ஆலயம் 1985இல் தொடங்கியது. பக்கத்துப் போர்த் து லா சப்பலில் 2024 ஒலிம்பிக்குக்காக அரங்கம் எழுந்தபோது, முந்தைய ஆண்டு அக்டோபர் 17இல் வதிவிட அனுமதியற்ற தொழிலாளர்கள் அந்தத் தளத்தைக் கைப்பற்றி வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று க்ரூஸிலிருந்து வந்த ஆண்களின் இடத்தில் இன்று மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். தளம் இன்றும் ஆண்களுடையதே.

ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு அப்பனோ மேஸ்திரியோ தேவையில்லாத ஒரு வழி உண்டு. 'சே-ஆ-பே' என்னும் தொழிற்சான்றிதழுக்கு, சம்பளத்தோடு வேலை பயின்றபடியே இரண்டாண்டில் படிக்கலாம். மின்னிணைப்போ குழாய் வேலையோ ஓடு பதிப்போ, தேர்வு ஒன்றுதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தகுதிநிலை.

ஆகவே தளத்தில் எத்தனை பெண்கள் என்ற கணக்கு மட்டும் முன்னேற்றத்தைக் காட்டாது. அந்தக் கணக்கில் தமிழகம் பிரான்ஸைவிட எப்போதோ முந்திவிட்டது. கற்றுக்கொள்ளும் வழி பொதுவில் திறந்திருக்கிறதா என்பதே சரியான அளவுகோல். பிரான்ஸ் அந்த வழியைத் திறந்துவிட்டு, வரும் பெண்களுக்காகக் காத்திருக்கிறது. தமிழகத்திலோ பெண்கள் ஏற்கெனவே தளத்தில் நிற்கிறார்கள். வேலையினூடே பயிற்சியும், கொத்தனார் சான்றிதழும், அதற்குரிய கூலியும்தான் அவர்களுக்கு இன்னும் வரவேண்டியவை.