குலக்கல்வித் திட்டம்

சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி 1953இல் தொடக்கக் கல்வியில் கொண்டுவந்த மாற்றத்திற்கு அரசு வைத்த பெயர் 'திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்'. எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தனர். வரலாற்றில் நிலைத்தது இந்தப் பெயர்தான்.

14 வயது வரை அனைவருக்கும் கட்டாய இலவசக் கல்வியை 10 ஆண்டுகளுக்குள் வழங்க முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 45ஆம் உறுப்பு கூறியிருந்தது. அதற்கு வேண்டிய கட்டடங்களோ ஆசிரியர்களோ பணமோ மாநிலத்திடம் இல்லை. எனவே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு 5 மணி நேரமாக இருந்த படிப்பு 3 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைகள் இரு பிரிவாக முறைவைத்து வந்தால் இருக்கும் ஆசிரியரே இருமடங்கு பேருக்குக் கற்பிக்கலாம் என்பது கணக்கு. மீதி நேரத்தில் பையன்கள் தந்தையின் தொழிலையும் பெண் பிள்ளைகள் வீட்டு வேலையையும் பழக வேண்டும்.

தொழிலோடு சேர்ந்த கல்வி அப்போது புதிய கருத்தல்ல. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை மையமாகக் கொண்டதே. ஆனால் அங்கே நூற்பும் நெசவும் பள்ளிக்குள் ஆசிரியர் முன்னிலையில் நடந்தன. எந்தச் சாதிப் பிள்ளையானாலும் ஒரே தக்களியைத்தான் சுற்ற வேண்டும். 1953 திட்டம் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியது. அன்றைய கிராமத்தில் வீட்டுத் தொழில் என்பது பெரும்பாலும் சாதித் தொழில். தந்தைக்குக் கைத்தொழில் இல்லையெனில் ஊரிலுள்ள வேறு தொழிலாளரிடம் பழகலாம் என்று அரசு விளக்கியது உண்மைதான். ஆயினும் சலவைத் தொழிலாளியின் மகனுக்கு அந்த விளக்கத்தால் எந்தப் புதிய வழியும் திறக்கவில்லை. நகரப் பிள்ளைகளுக்கு இத்திட்டம் கிடையாது என்பதும் கவனிக்கத்தக்கது.

பெரியாரின் திராவிடர் கழகம் கடுமையாக எதிர்த்தது. தி.மு.க. 1953 சூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இதுவே. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. அம்மாதமே சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானம் சமமான வாக்குகள் பெற்று, அவைத்தலைவரின் வாக்கால் தோற்றது.

1954 ஏப்ரலில் இராஜாஜி விலக, காமராசர் முதல்வரானார். கட்சித் தலைமைப் போட்டியில் அவரிடம் தோற்ற சி. சுப்பிரமணியம், இராஜாஜிக்கு நெருக்கமானவர். அவரையே காமராசர் கல்வி அமைச்சராக்கினார். திட்டம் கைவிடப்பட்டதை 1954 மே மாதம் அறிவித்தவரும் அவரே.