அமைவுக் கோப்பின் இலக்கணமும் சரிபார்ப்பும்: பெர்க்லி முதல் மத்தளம்பாறை வரை

பிணையச் சேவைகளின் அமைவுக் கோப்பைச் சரிபார்க்கும் முறை எவ்வாறு வளர்ந்தது என்பதைப் பைண்ட் என்னும் களப்பெயர் வழங்கி தெளிவாகக் காட்டுகிறது. 1980களின் தொடக்கத்தில் பெர்க்லியில் சி மொழியில் எழுதப்பட்ட அம்மென்பொருளின் 4ஆம் பதிப்பில், அமைவுகள் வரிக்கு ஒன்றாக எழுதப்பட்டன. 1997இல் வெளிவந்த 8ஆம் பதிப்பு, நெளி அடைப்பும் அரைப்புள்ளியும் கொண்ட, சி மொழியை ஒத்த தொடரமைப்பை ஏற்றது. பெல் ஆய்வகத்தில் 1970களில் உருவான யாக் கருவி அதனைப் பகுக்கப் பயன்பட்டது. கோப்பு இலக்கணம் பெற்றது. ஆனால் ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலும் சேவை தொடங்காமற்போகும் நிலையும் உடன் வந்தது. எனவே 9ஆம் பதிப்பு வரிசையில், வழங்கியை இயக்காமலே கோப்பைச் சோதிக்கும் தனிக்கருவி இடம்பெற்றது. வழங்கியும் கருவியும் ஒரே பகுப்பு நிரலகத்தைப் பகிர்ந்தமையால், இரண்டின் முடிவுகளும் முரண்படும் வாய்ப்புக் குறைந்தது.

எனினும், இலக்கணப் பிழையற்ற கோப்பிலும் தவறான முகவரி இருக்கக்கூடும். திசைவி முதலிய பிணையக் கருவிகளின் அமைவுகளுக்கும் இது பொருந்தும். அத்தகைய பிழையைக் காண, முந்தைய பதிவோடும் நிறுவன விதிகளோடும் ஒப்பிடுதல் வேண்டும். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் பிணைய மேலாண்மை மென்பொருளோடு தொடங்கிய ஸோகோ நிறுவனம், பின்னர் மேனேஜ்எஞ்சின் வரிசையில் இப்பணிக்கெனத் தனி மென்பொருளை வெளியிட்டது. ஐந்தருவி அமைந்துள்ள தென்காசி வட்டாரத்தில், மத்தளம்பாறையில், அந்நிறுவனம் 2011இல் அலுவலகம் திறந்தது. அந்நிகழ்வு பெரிதும் ஊரக வேலைவாய்ப்பு என்ற கோணத்திலேயே பேசப்படுகிறது. அந்நிறுவனத்தின் தொழில்நுட்ப வேர் பிணையங்களைக் கண்காணித்துச் சரிபார்க்கும் மரபில் உள்ளது என்பதையும் வட்டார வரலாறு பதிவுசெய்தல் வேண்டும்.