வண்டிக்கா விலக்கு? வினைக்கா?

வீராம்பட்டினத்து மீனவர் மகன் ஒருவன் வகுப்பிலே எழுந்து கேட்டான்: “ஐயா! நகரத்திலே நீலப் பலகை மாட்டிய கார் போகிறதே, அதற்கு வரி இல்லையாம். அது பிரெஞ்சுத் தூதரகத்து வண்டியாம். எங்கள் மாமாவும் பிரெஞ்சுக் குடிமகன்தானே! அவருடைய ஸ்கூட்டருக்கு மட்டும் வரி ஏன்?”

சிறுவனின் கேள்வி, ஆனால் சிந்திக்க வேண்டிய கேள்வி.

1954 நவம்பர் 1-இல் புதுவையின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1956-இல் எழுதப்பட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி நடைமுறை கண்டது. இம்மண்ணிலே பிறந்து வாழ்ந்தவர்கள், விரும்பினால் ஆறு திங்களுக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக் கொள்ளலாம் என்றது அது. அப்படித் தக்கவைத்துக் கொண்டவர்களின் வழிவந்தவரே அந்த மாமா. குடியுரிமை உண்டு, தூதர் பணி இல்லை. ஆகவே விலக்கும் இல்லை!

ஏன் இந்த வேறுபாடு? தூதர்களுக்கான வியன்னா உடன்படிக்கை 1961-இலும், துணைத் தூதர்களுக்கானது 1963-இலும் உருவாயின. சலுகைகள் தனியொருவரின் நலத்துக்காக அல்ல, பணி செவ்வனே நடப்பதற்காகவே என்று இரண்டும் தம் முகவுரையிலேயே முழங்குகின்றன. அந்த விலக்குக்கும் எல்லை உண்டு. பொருளின் விலையோடு கலந்து நிற்கும் மறைமுக வரியும், பெற்ற சேவைக்குரிய கட்டணமும் அதில் அடங்கா.

நம் நாட்டு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 42-ஆம் பிரிவைப் பாருங்கள். தூதரக அலுவலரின் வண்டிக்குத் தனிப் பதிவுச் சான்று வழங்கலாம் என்கிறது. அவ்வண்டி அவர் போன்றோரின் உடைமையாக இல்லாது போகும் அன்றே அச்சான்றும் செல்லாததாகிவிடும். அதே வண்டி, அதே எஞ்சின், அதே சக்கரம். ஆனால் சிறப்பு போயிற்று! சிறப்பு இரும்புக்கு இருந்ததில்லை, பணிக்கே இருந்தது.

நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியிலும் இதே நீதிதான். 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகள் அரசுமுறைப் பயணமாக வரும் அயல்நாட்டுப் பெருமக்களின் வண்டியை விடுகின்றன. ஆம்புலன்சையும் தீயணைப்பு வண்டியையும் விடுகின்றன. உயிர் காக்க ஓடும் வண்டியும் உறவு வளர்க்க வரும் வண்டியும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டுக்கும் தகுதி, செய்யும் வேலை.

இது மேனாட்டார் கற்றுத் தந்த பாடம் மட்டுமா? இல்லை! 1090-ஆம் ஆண்டளவில், கடாரத்து அரசனின் தூதர் இருவர் முதற் குலோத்துங்கனிடம் வந்தனர். நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்குரிய ஊரின் வரிகளை நீக்குமாறு வேண்டினர், மன்னன் இசைந்தான். சிறிய லெய்டன் செப்பேடு சொல்லும் செய்தி இது. தூதர் கேட்டது தம் பல்லக்குக்கு விலக்கன்று, பொதுப்பணி புரிந்த ஓர் அறநிலையத்துக்கு!

அதே சோழ நாட்டிலே மற்றொரு விலக்கும் இருந்தது. வேதம் ஓதுவார் என்ற பெயரால் ஊர் ஊராகப் பிரமதேயம் வழங்கப்பட்டது. ஓதும் உரிமையோ ஒரு குலத்தாருக்கு மட்டும்! உழுதவன் வரி கட்டினான். பிறந்தவன் விலக்குப் பெற்றான். பணிக்கு வரும் விலக்கு, பணி முடிந்தால் முடியும். பிறப்புக்கு வரும் விலக்கோ, பேரன் காலத்திலும் முடியாது. முன்னது ஏற்பாடு; பின்னது ஏற்றத்தாழ்வு.

சிறுவனுக்கு அவனுடைய ஊர்த் தேரையே காட்டினேன். ஆடியிலே ஓடும் வீராம்பட்டினத் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநர் வந்து தொட்டு இழுத்தார். இன்று துணைநிலை ஆளுநர் இழுக்கிறார். பக்தி ஒருபுறம் இருக்கட்டும், காட்சியைக் கவனியுங்கள். முன்வரிசை கிடைத்தது ஏறி அமர்வதற்கன்று, இழுப்பதற்கு!

“அப்படியானால், ஐயா, வேலை செய்யாமல் விலக்கு மட்டும் கேட்பவரை?” என்றான்.

வடத்தை விட்டு விலகச் சொல்லலாம் என்றேன். வகுப்பு சிரித்தது. வாக்காளர்களாக வளர்ந்த பின்னும் அவர்கள் இதை நினைவில் வைத்திருக்கவேண்டும் என்பதே என் ஆசை.