தாய்மாமன் லாபான்

வண்ணாரப்பேட்டையில் எங்களுக்கு அடுத்த வீடு ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டி சாயங்கால வேளையில் திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்கு வேதக் கதை சொல்வாள். "யாக்கோபு அண்ணனுக்குப் பயந்து தாய்மாமன் வீட்டுக்கு ஓடிட்டான்" என்று அவள் தொடங்கினால், ஆரான் என்னும் தூர தேசம் எங்களுக்குத் திருவொற்றியூராகிவிடும். தாய்மாமன் வீடு, கிணற்றடியில் முறைப்பெண் ராகேல். வேறென்ன வேண்டும்?

பின்னாளில் நானே ஆதியாகமத்தைப் படித்தபோது தாய்மாமன் என்ற சொல்லைக் காணோம். 'தாயின் சகோதரன்' என்று ஒரே வசனத்தில் மூன்று தடவை வருகிறது. எபிரெய மூலமும் அப்படித்தான். தரங்கம்பாடியில் சீகன்பால்கு ரூத் சரித்திரம் வரை தமிழாக்கிவிட்டு 1719-இல் காலமானார். மிச்சத்தை சூல்ட்சே முடித்து 1728-க்குள் அச்சேற்றினார். அப்புறம் நம் வேப்பேரியில் இருந்துகொண்டு பாப்ரிசியஸ் பல ஆண்டுகள் திருத்தி எழுதினார். இன்று கையிலிருக்கும் தமிழ் வேதம் அந்த வழியில் வந்ததுதான். மூலத்தை விட்டு விலகவில்லை, சரி. ஆனால் லாபான் செய்தது எத்தனை பெரிய துரோகம் என்பது பாட்டியின் சொல்லில்தான் உறைக்கிறது. மடியில் வைத்துக் காது குத்த வேண்டிய மாமன், மருமகனை ஏழு வருஷம் ஆடு மேய்க்க விட்டு, கல்யாண ராத்திரியில் மூத்தவள் லேயாளை உள்ளே அனுப்புகிறான். விடிந்ததும் நியாயம் கேட்டால், மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுக்க மாட்டோம் என்று ஊர் வழக்கம் பேசுகிறான். மறுபடி ஏழு வருஷம். மந்தைக்காக இன்னும் ஆறு. ஆட்டுத் தோலைப் போர்த்திக்கொண்டு, கண் தெரியாத தகப்பனிடம் அண்ணனாக நடித்தவனுக்கு இருட்டிலேயே பதில் கிடைத்தது. இதில் ஒரு பாவமும் அறியாத லேயாளை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்பதில்லை.

எல்லா முறையும் நமக்கு ஒத்து வராது. ரெபெக்காள் ஈசாக்குக்குத் தகப்பனாரின் சகோதரன் நாகோருடைய மகன் வயிற்றுப் பேத்தி. நம் கணக்கில் மகள் முறை! ஏசாவோ பெரியப்பா இஸ்மவேலின் மகளையே கட்டினான். நமக்கு அவள் தங்கை. "அதெப்படிப் பாட்டி?" என்று கேட்டால், "அது அவங்க ஊரு வழக்கம்டா" என்று அவசரமாகத் தாண்டிப் போவாள்.

பாட்டி நிறுத்திச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. துரத்தப்பட்ட இஸ்மவேலும் வீட்டோடு இருந்த ஈசாக்கும் சேர்ந்து ஆபிரகாமை அடக்கம் செய்தார்கள். அடுத்த தலைமுறையில் ஈசாக்கை அடக்கம் செய்ய ஏசாவும் யாக்கோபும் சேர்ந்து நின்றார்கள்.

என் தாத்தா இறந்தபோது அப்பாவும் பெரியப்பாவும் பேசி ஒன்பது வருஷமாகியிருந்தது. பாகப்பிரிவினையில் ஒரு சுவர் தகராறு. பெரியப்பா வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பாடை எடுக்கும் நேரத்துக்கு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. முன்பக்கம் ஒரு மூங்கிலை அப்பா தூக்க, மறு மூங்கிலை அவர் தோளில் வாங்கிக்கொண்டார். தெரு முனையில், "மெதுவா, பள்ளம்" என்றார். "சரிண்ணே" என்றார் அப்பா.

சுவர் அப்படியேதான் இருக்கிறது.