ஒரு கணக்கும் பல வழிகளும்

காஞ்சன்பாக்கில் 1970-இல் தோன்றிய பாரத் டைனமிக்ஸ், 1973-இல் தோன்றிய மிஸ்ர தாது நிகம், இவற்றை அடுத்துள்ள பாதுகாப்பு ஆய்வுக்கூடங்கள் ஆகியவற்றை நாடி வந்தோருள் தமிழர் பலர். கணக்கறிவே நம்மவரை இங்கு அழைத்து வந்தது என்றாலும் பொருந்தும். ஆயினும் நம் வீட்டுச் சிறுவர் கணக்குப் பயிலும் முறையை நோக்கின் ஒரு குறை தோன்றுகிறது. நாம் அறிந்த ஒரு குழந்தை, 99-ஐ 6-ஆல் பெருக்க, 600-இலிருந்து 6-ஐக் கழித்து 594 என எழுதிற்று. விடை சரி; முறை வேறு என்று மதிப்பெண் குறைக்கப்பட்டது. அடுத்த கணக்கில் குழந்தை தன் வழியைக் கைவிட்டுவிட்டது.

ஒரு கணக்கிற்கு ஒரே வழி என்பது நம் நாட்டுப் பழமை அன்று. சஹ்யாத்திரி மலைப்பக்கத்தவரான பாஸ்கரர் 1150-இல் இயற்றிய 'லீலாவதி'யில் 135-ஐ 12-ஆல் பெருக்குக என்று ஒரு கணக்கு வருகிறது. அவர் அதனை ஒரு வழியோடு விடவில்லை. 12-ஐ 8, 4 எனப் பிரித்துப் பெருக்கினால் 1080-உம் 540-உம் சேர்ந்து 1620 ஆகும். முதலில் 3-ஆலும் பின்னர் 4-ஆலும் பெருக்கலாம். பத்து மடங்கோடு இரு மடங்கைக் கூட்டலாம். இருபது மடங்கிலிருந்து எட்டு மடங்கைக் கழிக்கவும் செய்யலாம். 99-ஐ நூறாக்கிக் குறைத்த நம் குழந்தை இக்கடைசி வழியைத்தான் தானே கண்டது! இந்நூலை அக்பரின் ஆணைப்படி பைசி 1587-இல் பாரசீகத்தில் பெயர்த்தார்.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி, அங்கே மனப்பாடமன்றி வேறொன்றும் இல்லை என்று பலர் எழுதிவிட்டனர். எண்சுவடியை உரக்க ஒப்பித்தது மெய், பிரம்பும் மெய். அவற்றை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் மனத்தில் பதிந்த வாய்பாடு பிறகு கைமுதலாயிற்று. கால், அரைக்கால், வீசம், மா, காணி என்று இறங்கி 320-இல் ஒன்றாகிய முந்திரி வரையும், அதற்குக் கீழும் பின்னங்களுக்குப் பெயர் இருந்தன. படி ஒன்றரை ரூபாய் வீதம் ஏழரைப் படிக்கு விலை என்ன? ஏழரை, அதன் பாதி மூன்றே முக்கால், ஆகப் பதினொன்றே கால் ரூபாய். எழுதுகோல் வேண்டாத இக்கணக்கைப் பாட்டிமார் பலர் செய்யக் கண்டிருக்கிறோம். காரிநாயனாரின் கணக்கதிகாரமோ, பலாப்பழத்தை அறுக்காமலே காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணிச் சுளையின் தொகை கூறும் துணிவுடையது. பழம் அவ்விதிக்குக் கட்டுப்படுமா என்பது வேறு!

1789-இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதை விடுதிக்குத் தலைமை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகும் முறையைக் கண்டு மேற்கொண்டார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் 'சென்னை முறை' இங்கிலாந்திலும் பரவிற்று. கடல் கடந்தது செலவு குறைந்த ஏற்பாடே. பின்னக் கணக்கின் நுட்பம் உடன் செல்லவில்லை. 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் நூறு காசு கொண்ட ரூபாய் வந்தது. வாணிகம் எளிதாயிற்று, அதனை நாம் குறை கூறோம். வீசமும் மாகாணியும் மட்டும் பேச்சிலிருந்து மெல்ல விலகின.

சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன் நாட்காட்டி ஒன்றையே கருவியாக்கிச் சிறுவரை எண்களோடு விளையாடச் செய்தார். நாட்காட்டியில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது நாட்களைச் சதுரமாக வளைத்துக்கொண்டால், கூட்டுத்தொகை நடு எண்ணின் ஒன்பது மடங்காகும். நடுவில் 10 இருப்பின் 90. ஒருவன் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டுவான். ஒருத்தி எதிர் எதிர் எண்களை இருபது இருபதாக இணைப்பாள். 2005-இன் தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி, சென்னைக் கணித அறிவியல் கழகத்தின் ஆர். இராமானுஜம் தலைமையிலான குழு, கற்பித்த ஒரே முறையின் பிடியிலிருந்து பள்ளிக் கணக்கை விடுவிக்க வேண்டும் என்றே எழுதிற்று. எழுதியது எல்லா வகுப்பறைகளையும் எட்டிவிடவில்லை.

ஆகவே, வரும் ஆண்டு விழாவில் சிறுவர்க்குக் கணக்குப் போட்டி வைப்போர்க்கு ஒரு வேண்டுகோள்: 135-ஐ 12-ஆல் பெருக்கக் கொடுங்கள், முதலில் விடை சொன்னவர்க்கன்று, மிகுதியான வழிகளைக் காட்டியவர்க்குப் பரிசளியுங்கள். ஏடு திருத்தும் பொறுப்பைப் பாட்டிமாரிடம் விட்டுவிடலாம்.