அன்னாவும் அத்தேயும் நானும்

2014 மே மாதம், தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான ஈசானில் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தேன். கோராட் நகரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரப் பயணம். சுற்றிலும் நெல்வயல், மரவள்ளித் தோட்டம். சேர்ந்த சில நாட்களில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பள்ளிகளை மூடித் திறந்தார்கள். ஊரில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. நான் சம்பளக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மாதம் 18 ஆயிரம் பாத். அன்றைய மதிப்பில் சுமார் 34 ஆயிரம் ரூபாய். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் 9 ஆயிரம் ரூபாய்க்கு எட்டு ஆண்டு வேலை பார்த்தவளுக்கு அது பெரிய தொகைதான்.

பள்ளியில் வெளிநாட்டு ஆசிரியர்கள் மூன்று பேர். இங்கிலாந்திலிருந்து வந்த 23 வயது இளைஞர் ஒருவர். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பெண் ஒருவர். பிறகு நான். இளைஞருக்குக் கையில் ஏதோ ஒரு பட்டமும் ஒரு மாதப் பயிற்சிச் சான்றிதழும். சம்பளம் 32 ஆயிரம் பாத். பிலிப்பைன்ஸ் பெண் கல்வியியல் பட்டம் பெற்றவர், 14 ஆண்டு அனுபவம் உள்ளவர். அவருக்கு 16 ஆயிரம். பி.எட். முடித்த எனக்கு 18 ஆயிரம். வாரத்துக்கு 22 பாடவேளை, வகுப்புக்கு நாற்பதுக்கும் மேல் பிள்ளைகள் என்பது மூவருக்கும் பொது. ஒப்பந்தம் பத்து மாதத்துக்கு. கோடை விடுமுறையில் மூவருக்குமே சம்பளம் கிடையாது.

"அவருக்கு மட்டும் ஏன் இரட்டிப்பு?" என்று எங்களை அனுப்பிவைத்த முகவரிடம் கேட்டேன். "அவர் தாய்மொழிக்காரர்" என்றார். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று அதற்கு ஒரு பட்டியல் இருந்தது. உங்கள் பாஸ்போர்ட் அதில் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. "அப்படியானால் பிலிப்பைன்ஸ்காரரைவிட எனக்கு ஏன் இரண்டாயிரம் அதிகம்?" என்று நான் கேட்கவில்லை. எனக்குச் சாதகமான கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் ஆங்கிலத் துறையில் ஒரு தாய்லாந்து ஒப்பந்த ஆசிரியையும் இருந்தார். நான் நடத்திய வகுப்புகளில் பின்னால் நின்று, பிள்ளைகளுக்குப் புரியாததைத் தாய் மொழியில் விளக்கி, விடைத்தாள் திருத்தி, மதிப்பெண் ஏற்றியவர் அவர். எங்கள் மூவரையும்விட அவருக்குச் சம்பளம் குறைவு. வெளிநாட்டு ஆசிரியருக்குக் குறைந்த கூலி என்று பேசும்போது இந்தப் பெண்ணையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். யாரோடு ஒப்பிட்டால் குறைவு?

பிள்ளைகள் அந்த இளைஞரை "ஃபரங்" என்பார்கள். வெள்ளைக்காரரைக் குறிக்கும் சொல். என்னைக் "கேக்" என்பார்கள். நேர்ப்பொருள் "விருந்தாளி", வழக்கில் இந்தியரையும் அரேபியரையும் அப்படிச் சொல்வார்கள். பள்ளியின் விளம்பரப் பதாகையில் ஃபரங் நடுவில் நின்றார். விருந்தாளி அதில் இல்லை. பெற்றோர் யாராவது கேட்டால் லண்டனில் வளர்ந்தவள் என்று சொல்லிவிடுங்கள் என்று முகவர் என்னிடம் சொல்லியிருந்தார். இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் அவர்கள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

என்னைப் போலவே பிறந்த ஊரை மறைத்துத் தாய்லாந்தில் ஆங்கிலம் கற்பிக்க வந்த ஒரு பெண்ணைப் பற்றி அங்கே இருந்தபோதுதான் படித்தேன். அன்னா லியோனோவன்ஸ். "தி கிங் அண்ட் ஐ" படம் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். அகலப் பாவாடையும் நிமிர்ந்த கழுத்துமாக, கீழைநாட்டு அரசர் ஒருவருக்கு நாகரிகம் கற்றுக்கொடுக்கும் ஆங்கிலேயச் சீமாட்டி. அரசரை அவமதிப்பதாகச் சொல்லித் தாய்லாந்து தடை செய்த படம் அது.

உண்மையான கதை படத்துக்கு முன்பே தொடங்குகிறது. 1851இல் பட்டத்துக்கு வந்த அரசர் மோங்குட், அதற்கு முன் 27 ஆண்டுகள் பௌத்தத் துறவியாக இருந்தவர். பாலி, லத்தீன், ஆங்கிலம் அறிந்தவர். சுற்றிலும் பிரிட்டனும் பிரான்சும் நாடுகளை விழுங்கிக்கொண்டிருந்த காலம். 1855இல் பிரிட்டனோடு பௌரிங் ஒப்பந்தம் செய்துகொண்டவரும் அவரே. ஆங்கிலம் தெரியாவிட்டால் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதே தெரியாது. அதனால் பட்டத்துக்கு வந்த ஆண்டே அரண்மனைப் பெண்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க அமெரிக்க மிஷனரிகளின் மனைவியர் மூவரை அழைத்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவர்கள் முறைவைத்துப் போய்க் கற்பித்தார்கள். வரலாற்று நூல்களில் அவர்கள் திருமதி பிராட்லி, திருமதி மாட்டூன், திருமதி ஜோன்ஸ். கணவரின் பெயர்தான் அவர்களுக்கும் பெயர். பாடத்தோடு மதத்தையும் சேர்த்துச் சொன்னது அரசருக்கு ஒப்பவில்லை. வகுப்பு நின்றது.

அடுத்த முறை அரசர் கவனமாகத் தேடினார். மதமாற்றம் கூடாது, மொழியும் இலக்கியமும் அறிவியலும் போதும் என்ற நிபந்தனையோடு சிங்கப்பூரிலிருந்து அழைத்து வரப்பட்டவர்தான் அன்னா. 1862 மார்ச்சில் மகன் லூயியோடு பாங்காக் வந்து இறங்கினார். மாதச் சம்பளம் 100 டாலர். அரசரின் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் பாடம் சொன்னார். பின்னாளில் அரசரான சுலாலங்கோர்னும் அவருடைய மாணவர். அரண்மனைக்கு வெளியே தனி வீடு தருவதாகச் சொன்னதற்காக நெடுநாள் போராடியதையும், வாக்களித்த சம்பள உயர்வு வராததையும், ஆசிரியை வேலையோடு அரசரின் கடிதப் போக்குவரத்தையும் பார்க்க வேண்டியிருந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். 1867இல் உடல்நலம் கெட்டு ஊரைவிட்டுக் கிளம்பினார். அதைப் படித்தபோது சிரித்தேன். பாடம் எடுக்க வந்தவளை அலுவலகக் கடிதம் திருத்தச் சொல்வது எனக்கும் நடந்துகொண்டிருந்தது.

தான் வேல்ஸில் பிறந்ததாகவும் ராணுவ அதிகாரியின் விதவை என்றும் அன்னா உலகத்துக்குச் சொல்லியிருந்தார். நூறு ஆண்டுக்கு மேல் எல்லாரும் நம்பினார்கள். சிலந்திகளை ஆராயும் பிரிஸ்டோ என்ற பிரிட்டிஷ் அறிஞர், அன்னாவின் மகனுடைய வாழ்க்கை வரலாற்றை எழுதப் போய்ப் பிறப்புப் பதிவுகளைத் துருவினார். 1976இல் வெளிவந்த அவருடைய நூலில் பொய் உடைந்தது. அன்னா பிறந்தது 1831இல், மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சார்ஜன்ட். மகள் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். தாய்வழிப் பாட்டி பெரும்பாலும் இந்தியப் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. கணவர் குமாஸ்தா வேலை பார்த்தவர். 1859இல் பினாங்கில் இறந்தபோது கையில் இரண்டு குழந்தைகளோடு அன்னா நின்றார்.

அந்த நிலையில் இருந்த பெண்ணிடம் விற்பதற்கு என்ன இருந்தது? படிப்பு இருந்தது, மொழி இருந்தது. ஆனால் அகமதுநகரில் பிறந்த கலப்பினப் பெண்ணின் ஆங்கிலத்துக்கு வேல்ஸ் சீமாட்டியின் ஆங்கிலத்துக்குரிய விலை கிடைக்காது. பிறந்த ஊரை மாற்றினார், விலை ஏறியது. என் முகவர் என்னை மாற்றச் சொன்னதும் அதையேதான். அன்னாவின் தோல் வெளுத்திருந்ததால் அவருடைய பொய் பலித்தது. என்னுடையது பலிக்கவில்லை.

அன்னாவை நான் என் கட்சியில் சேர்த்துக்கொண்டேன். பிழைக்கத் தெரிந்த ஏழை விதவை, காலனிய உலகத்தின் நிறக் கணக்கை ஏமாற்றியவள் என்று கொண்டாடினேன். பிறகு அவர் எழுதிய இரண்டு புத்தகங்களையும் படித்தேன். 1870இல் வந்தது அரண்மனை நினைவுகள். 1873இல் வந்தது அந்தப்புரக் கதைகள். அந்தப்புரப் பெண்களின் துயரத்தை எழுதியதற்காக அவரைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. அடிமை முறையை எதிர்த்தவர் என்பதும் உண்மை. ஆனால் அவர் விவரிக்கும் நிலவறைகளையும் தண்டனைகளையும் வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. சியாமின் உள் அரண்மனை பெண்களே காவல் காத்து, பெண்களே நிர்வகித்த ஒரு சிறு நகரம். அதிகாரிகளும் பஞ்சாயத்தும் அதற்குள்ளேயே இருந்தன. அன்னாவின் பக்கங்களில் அந்தப் பெண்கள் பெரும்பாலும் காப்பாற்றப்படக் காத்திருப்பவர்கள். அவர்கள் எவ்வளவு தாழ்ந்தார்களோ அவ்வளவுக்கு எழுதியவர் உயர்ந்தார். அவர் ஏறிய ஏணியின் கீழ்ப்படியில் வேறு பெண்கள் இருந்தார்கள்.

அன்னாவுக்குப் பிறகும் இந்த வேலை பெரிதும் பெண்களின் தோளில்தான் நடந்தது. 1874இல் ஹாரியட் ஹவுஸ் என்ற அமெரிக்க மிஷனரிப் பெண் பாங்காக்கின் வாங் லாங் பகுதியில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். 1885 முதல் 1923 வரை அதை நடத்தியவர் எட்னா கோல். அங்கே படித்த தாய்லாந்துப் பெண்கள் ஆசிரியைகளாக மற்ற ஊர்களுக்குப் போனார்கள். 1921இல் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1962 ஜனவரியில், அன்னா வந்து ஏறக்குறைய நூறு ஆண்டில், அமெரிக்க அமைதிப் படையின் முதல் தொண்டர்கள் வந்து வெளியூர்ப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தார்கள். அதுவரை சேவை, ஊழியம், தொண்டு என்ற பெயர்களில் இந்த உழைப்பு மலிவாகக் கிடைத்துவந்தது. 1996இன் பாடத்திட்டம் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியது. இத்தனை பள்ளிகளுக்கு ஊழியக்காரர்கள் எங்கே கிடைப்பார்கள்? அந்த இடைவெளியில் முகவர்கள் வந்தார்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தங்கள் வந்தன, பிலிப்பைன்ஸ் பெண்கள் வந்தார்கள். விசா வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் இருப்பிடத்தைப் பதிய வேண்டும். அந்த வரிசையில்தான் நானும் பிலிப்பைன்ஸ் தோழியும் நெருங்கினோம்.

அவரை நான் "அத்தே" என்று அழைத்தேன். அவருடைய டகாலோக் மொழியில் அது அக்காவைக் குறிக்கும் சொல். நம் ஊரில் அப்படிக் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். ஊரில் அம்மாவிடம் விட்டுவந்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதாமாதம் 9 ஆயிரம் பாத் அனுப்புவார். பழைய காலண்டர்களை வெட்டிப் படம் ஒட்டி, எழுத்து அட்டைகள் செய்வார். இரவல் வாங்க நான் தயங்கியதில்லை.

ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் "வாய் க்ரூ" நடந்தது. ஆசிரியரை வணங்கும் நாள். க்ரூ என்பது நம் குருவேதான். பிள்ளைகள் வெட்சிப்பூ, அருகம்புல், கத்தரிப்பூ வைத்த தட்டுகளோடு முழங்காலில் நகர்ந்து வந்து எங்கள் காலடியில் குனிந்தார்கள். ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு சிறுமி என் முன்னால் எவ்வளவு குனிந்தாளோ அவ்வளவுதான் ஃபரங்குக்கும் குனிந்தாள். அத்தே அழுதுகொண்டிருந்தார்.

இரண்டாம் ஆண்டு முடியும் சமயம். அடுத்த ஆண்டு எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறது என்று தெரிந்தது. ஃபரங்கின் இடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. துறைத் தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவரும் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய பெண்தான். "அத்தேயின் வகுப்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். "நல்ல ஆசிரியை" என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். "ஆனால் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு எஃப் எழுத்து வராது, பி என்பார்கள். பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கொள்கிறது" என்றேன்.

தமிழில் பிறந்த நாக்குக்கும் எஃப் அந்நியம்தான். ஏழாம் வகுப்பில் "பேன்", "பாதர்" என்று சொல்லி ஸ்கேலால் அடி வாங்கியவள் நான். அந்த அடியின் தழும்பை எடுத்து அடுத்தவள் மேல் வீசினேன். அவர் தாழ்ந்தால் நான் உயர்வேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மார்ச்சில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. என்னுடையது புதுப்பிக்கப்பட்டது, 20 ஆயிரம் பாத்துக்கு.

நான் சொன்னதுதான் காரணமா? அவர் சம்பளத்தில் இரண்டாயிரம் குறைவாக இருந்தும் என்னை வைத்துக்கொண்டார்கள் என்பது மட்டும் தெரியும். அன்னா எந்தப் பெண்களைத் தாழ்த்தி உயர்ந்தாரோ, அவர்களுடைய தரப்பைக் கேட்க எனக்கு வழியில்லை. அத்தேயின் தரப்பைக் கேட்க வழி இருந்தது. பேருந்து நிலையத்தில் வழியனுப்பியபோது கேட்டிருக்கலாம். நான் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். பை கனமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். வேறு மாகாணத்தில் 14 ஆயிரம் பாத்துக்கு ஒரு பள்ளி கிடைத்திருந்தது அவருக்கு.

எழுத்து அட்டைகளை எனக்கே விட்டுப் போனார். மே மாதம் பள்ளி திறந்ததும் அவருடைய பழைய இரண்டாம் வகுப்பு என்னிடம் வந்தது. எஃப் அட்டையைத் தூக்கிக் காட்டினேன். காலண்டரில் வெட்டிய மீன் படம். நாற்பது பிள்ளைகளும் மேல்பல்லைக் கீழுதட்டில் அழுத்தி, அவர் சொல்லிக்கொடுத்தபடியே, காற்று சீற "ஃபிஷ்" என்றார்கள். ஒருத்தி கூடப் பிசகவில்லை.