பஸ்ராவின் அங்காடியும் ஹம்மாமின் வாயிலும்

நம் பாட்டனார் கைலியின்மீது இறுகக் கட்டியிருந்த அகன்ற தோல்வாரை நம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம். அவ்வாரின் பையிலிருந்து ஒவ்வொரு ரூபாயும் எண்ணப்பட்டே வெளிவரும். இன்றோ அட்டையைக் கொடுத்தும், 2016-இல் தோன்றிய யூ.பி.ஐ. முறையில் கைப்பேசியைக் காட்டியும் விலை செலுத்துகிறோம். ரொக்கமின்றிக் கடைவீதி செல்வது இக்காலப் புதுமை என்று எண்ணுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் மக்காவில் ஆட்சி செலுத்திய அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள், மக்களிடம் திர்ஹங்களைப் பெற்றுக்கொண்டு, இராக்கின் ஆளுநராயிருந்த தம் இளவல் முஸ்அபுக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். அதைக் காட்டி அங்கே அத்தொகையைப் பெற்றுக்கொள்வது வழக்கம். பாலைவழியில் பணப்பை சுமக்கும் அச்சம் இவ்வாறு நீங்கிற்று. நம் வணிகர் ‘உண்டியல்’ என்றழைத்ததற்கு இணையான இதனை ஃபிக்ஹு நூல்கள் ‘ஸுஃப்தஜா’ எனக் குறிக்கின்றன.

சட்ட மேதைகள் இவ்வசதியை ஆராயாது விட்டுவிடவில்லை. வழியச்சம் நீங்குவது கடன் கொடுத்தவருக்கு ஓர் ஆதாயமன்றோ? கடனால் விளையும் ஆதாயம் வட்டியின் சாயல் கொள்ளாதோ? இதனால், நிபந்தனையிட்டுச் செய்யும் ஸுஃப்தஜாவை ஹனஃபீ அறிஞர்கள் வெறுத்தனர். இரு தரப்பாருக்கும் நன்மை உண்டு, எவருக்கும் கேடில்லை என்று கண்ட இப்னு குதாமா போன்ற ஹன்பலீ அறிஞர்கள் அதனை அனுமதித்தனர். முடிவு வேறுபட்டாலும் வினா ஒன்றே: ‘இதன் பயன் யாரைச் சேர்கிறது?’

ஊர்விட்டு ஊர் செல்ல உதவிய இத்தாள், காலப்போக்கில் ஊருக்குள்ளேயும் புழங்கலாயிற்று. ஹிஜ்ரி 443-இல் (கி.பி. 1051) பஸ்ராவை அடைந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், தம் ‘ஸஃபர்நாமா’வில் அதனை வருணிக்கிறார். அந்நகரில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் மூன்று இடங்களில் சந்தை கூடும். வணிகர் தம் பொருளை ஸர்ராஃபிடம் ஒப்படைத்துக் கைச்சீட்டுப் பெறுவர். வேண்டியவற்றை வாங்கி, விலையை அவரிடமே பெற்றுக்கொள்ளச் செய்வர். நகரில் தங்கும்வரை அச்சீட்டன்றி வேறெதையும் அவர்கள் கொடுப்பதில்லை. நாணய மாற்று வணிகரைக் குறிக்கும் அந்த ‘ஸர்ராஃப்’ என்ற சொல்லே நம் தமிழில் ‘சராபு’ ஆயிற்று.

இத்துணை செழித்த நகரில் நாஸிர் குஸ்ரவின் நிலை யாது? நெடும்பயணத்தால் ஆடை கிழிந்து, கையில் காசின்றி அவரும் அவர் சகோதரரும் வந்து சேர்ந்தனர். புத்தகம் வைத்திருந்த பையை விற்றுக் கிடைத்த சில திர்ஹங்களைத் தாளில் மடித்து ஹம்மாம் காவலரிடம் நீட்டினார். அவரோ இவர்களைப் பித்தரென்று கருதித் துரத்திவிட்டார், சிறுவர் கல்லெறிந்தனர். பின்னர் அமைச்சர் ஒருவரின் உதவியால் நல்லாடை உடுத்திச் சென்றபோது, அதே ஹம்மாமில் எழுந்து நின்று வரவேற்றனர்.

ஒரே நூலில் இவ்விரு காட்சிகளும் இருப்பது சிந்தனைக்குரியது. ஸர்ராஃபிடம் பொருள் வைத்தவனுக்குச் சீட்டு வழிதிறந்தது. ஒன்றுமில்லாதவன் வைத்திருந்ததோ தாளில் மடித்த சில்லறை மட்டுமே. இன்றும் வங்கிக் கணக்கில்லாத கூலியாளும், கைப்பேசி அறியாத மூதாட்டியும் அத்தகைய மடித்த பணத்துடன்தான் நம் கடைக்கு வருகின்றனர்.

அட்டை நமக்குத் தகும். அதனை மறுக்க முன்னோரே நமக்குக் காரணம் வைக்கவில்லை. ஆனால் ‘இங்கே ரொக்கம் வாங்குவதில்லை’ என்று நம் கடையில் எழுதுமுன், பஸ்ராவின் ஹம்மாம் வாயிலில் நின்ற அவ்விருவரையும் ஒருகணம் நினைத்துக்கொள்வோம்.